கருகிய மரம் தரும் சாட்சியம்

தோழர்காள்!

சென்ற மாதம் ஒரு சிற்றூரில் பொதுக்கூட்டம். பேச்சு முடிந்து மேடையை விட்டிறங்கி, தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருந்தேன். இளைஞன் ஒருவன் வந்தான். நம்மவன்தான், காலையிலிருந்து கொடி கட்டியவன், சுவரொட்டி ஒட்டிய பசை விரலில் இன்னும் காயாதவன். தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"அண்ணே! பள்ளிவாசல் எல்லாமே கோயிலை இடித்துவிட்டுக் கட்டியதுதான் என்கிறார்களே, மெய்தானா? கைப்பேசியில் நாள் தவறாமல் வருகிறதே! மறுத்துப் பேசுவார் யாரையும் காணோமே!"

சினம் வரவில்லை எனக்கு; வெட்கம் வந்தது. பொய், நாளைக்குப் பத்து முறை அவன் வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டுகிறது. மெய்யோ, ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, மாலை போட்டு அழைத்தால்தான் வருகிறது! பொய்க்குக் கால் ஆயிரம். மெய்க்கு மேடை ஒன்று! குற்றம் அவனுடையதா? நம்முடையது அல்லவா?

அன்றிரவு அவனுக்குச் சொன்ன மறுமொழியைத்தான், சற்று விரித்து, உங்கள் முன் வைக்கிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். கல்லூரியின் உள்ளே போய், பட்டம் வாங்காமலே வெளியே வந்தவன். நாடகம் எழுதுகிறவன். ஆனால் நாடகக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டடத்தைக் கண்டால், "இந்த மேடையில் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்பான். அப்படி நான் கேட்ட கட்டடம் ஒன்று, மலையாளக் கரையிலே, கோழிக்கோட்டிலே இருக்கிறது. நாடகம் ஒன்றுக்காக அந்நகர் சென்றிருந்தபோது, நண்பர் ஒருவர் கைபிடித்து அழைத்துச் சென்று காட்டினார்.

குட்டிச்சிறா என்று ஒரு பேட்டை. கடற்கரையிலிருந்து நடந்தே போகலாம். நடுவிலே ஒரு குளம். 'சிறா' என்றால் வேறொன்றுமில்லை, நம்முடைய 'சிறை'தான். நீரை மறித்து நிறுத்தும் கரை. அந்தக் குளத்தைச் சுற்றிப் பழைய வீடுகள். தாய்வழி உரிமை வழங்கும் முஸ்லிம் குடும்பங்களின் பெரிய தறவாட்டு இல்லங்கள். பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. கணவன்தான் மனைவி வீட்டுக்கு வருகிறான்! குளக்கரையிலே நிற்கிறது மிஷ்கால் பள்ளி.

கண்டதும் திகைத்தேன். குவிமாடம் எங்கே? காணோம்! வானளாவும் மினார்கள்? அவையும் இல்லை! நான்கு நிலைகள், அடுக்கடுக்காகச் சரிந்திறங்கும் கூரைகள், மரச் சட்டங்கள், மரச் சிற்ப வேலை, முகப்பு முக்கோணம். மலையாளத்துக் கோயிலைக் கட்டிய தச்சனின் கைதான் இதையும் கட்டியது என்பதைச் சொல்ல, ஆராய்ச்சியாளர் வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். உள்ளே செதுக்கிய தூண்கள் 24. கதவுகள் 47 என்று கணக்குச் சொல்கிறார்கள். குளத்துக் காற்று ஒரு கதவில் புகுந்து மறு கதவில் வெளியேறுகிறது.

"இது கோயிலைப் போலல்லவா இருக்கிறது!" என்றேன். நண்பர் சிரித்தார். "கோயிலைப் போல இருப்பதால் கோயிலை இடித்துக் கட்டியது என்று நாளைக்கு எவனாவது சொன்னாலும் சொல்வான்!" என்றார். சிரிப்புக்குரிய சொல்லா அது? இல்லை தோழர்களே, அஞ்சத்தக்க சொல்!

*

யார் கட்டினார் இந்தப் பள்ளியை? படை நடத்தி வந்த சுல்தானா? குதிரைக் குளம்பினால் நாட்டை மிதித்த தளபதியா? இல்லை. ஒரு வணிகர். நாகுதா மிஸ்கால் என்பது பெயர். நாகுதா என்றால் கப்பலுக்குரியவர். மிஸ்கால் என்பது அரபு நாட்டில் பொன் நிறுக்கும் எடையின் பெயர். எடைக்குப் பெயர் பெற்றவர் வாளேந்தி வரவில்லை, தராசேந்தி வந்தார்!

14-ஆம் நூற்றாண்டிலே உலகம் சுற்றிய இபின் பதூதா, 1340-களில் கோழிக்கோடு வந்தார். துறைமுகத்தில் அன்று 13 சீனக் கப்பல்கள் நின்றதைக் கண்டு எழுதினார். அதே ஏட்டிலே, இந்தியாவோடும் சீனத்தோடும் ஏமனோடும் பாரசீகத்தோடும் வணிகம் செய்யப் பல கப்பல்கள் வைத்திருந்த பெருஞ்செல்வர் மிஸ்கால் என்பவரையும் குறித்து வைத்தார். அந்த மிஸ்கால் எழுப்பியதுதான் இந்தப் பள்ளி.

அரசன் யார் அப்போது? சாமூதிரி. குன்றுக்கும் அலைக்கும் கோன் என்று பட்டம் பூண்ட இந்து மன்னன். அவன் தலைநகரிலே, அவன் அனுமதியோடு, அவன் நாட்டுத் தச்சர் உளியால், அவன் நாட்டு மரத்தால் எழுந்தது பள்ளி. படையெடுப்பு எங்கே இருக்கிறது இதிலே? பறித்தது எது? இடித்தது எது?

"அரசன் சும்மா இருந்தான், அவர்கள் கட்டிக்கொண்டார்கள்" என்பாரும் உண்டு. அவர்களை அதே குட்டிச்சிறாவில் உள்ள இன்னொரு பள்ளிக்கு அழைக்கிறேன். முச்சுந்திப் பள்ளி என்பது அதன் பெயர். அங்கே ஒரு கல் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டுக் கல் என்பர் அறிஞர். ஒரே கல்லில் இரு மொழி: ஒன்று அரபு, மற்றொன்று பழைய மலையாளம். மலையாளத்தை எந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள் தெரியுமா? வட்டெழுத்தில்! பாண்டிய நாட்டுக் குன்றுகளில் நம் முன்னோர் வெட்டினார்களே, அதே வட்டெழுத்தில்!

என்ன சொல்கிறது அந்தக் கல்? அரபுப் பகுதி சொல்கிறது: விடுதலை பெற்ற அடிமை ஒருவர், ஷிஹாபுத்தீன் ரைஹான் என்பார், தம் சொந்தப் பொருளைக் கொடுத்து நிலம் வாங்கி இப்பள்ளியைக் கட்டினார் என்று. வட்டெழுத்துப் பகுதி சொல்கிறது: புந்துறைக்கோன், அதாவது சாமூதிரி, இப்பள்ளிக்கு நாழிக் கணக்கில் நாள்படி அளித்தான் என்று.

நெஞ்சில் நிறுத்திப் பாருங்கள்! ஒரு பக்கம், நேற்றுவரை விலைக்கு விற்கப்பட்ட மனிதன்; இன்று விலை கொடுத்து நிலம் வாங்கி, எவர் காணியையும் பறிக்காமல், இறைவனுக்கு இல்லம் எழுப்புகிறான். மறு பக்கம், முடி தரித்த வேந்தன். தன் தெய்வம் வேறு, அவன் தெய்வம் வேறு என்று தெரிந்தும், நாழி கொண்டு அளக்கிறான். அடிமையின் காசும் அரசனின் நாழியும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன. வாளால் வந்ததாம் பள்ளிவாசல்! வாள் கல்லில் இல்லை, நாழி இருக்கிறது!

இன்னும் ஒன்று. 'பள்ளி' என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். சமண முனிவர் தங்கிய இடம் பள்ளி. பௌத்தர் வாழ்ந்த இடம் பள்ளி. முஸ்லிம் தொழும் இடம் பள்ளி. மலையாள நாட்டிலே கிறித்தவர் கோயிலும் பள்ளி. நம் பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளி. மொழி எல்லோரையும் ஒரே சொல்லில் குடிவைத்திருக்கிறது. மொழி சேர்த்து வைத்ததை, இந்தக் கலகக்காரர்கள் பிரிக்கப் பார்க்கிறார்கள்!

*

அயலார் சொன்னதையும் கேளுங்கள். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பல்களோடு வந்த மா ஹுவான் என்பவர், கோழிக்கோட்டில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்தன என்று எழுதினார். அதைவிட முதன்மையானது அவர் எழுதிய மற்றொன்று. முன்னாளில் அரசன் ஒருவன் முஸ்லிம்களோடு உடன்படிக்கை செய்துகொண்டானாம்: நீங்கள் பசுவை உண்ண வேண்டா, நான் பன்றியை உண்ணேன்; உங்கள் விலக்கை நான் மதிப்பேன், என் விலக்கை நீங்கள் மதியுங்கள் என்று. அந்த உடன்படிக்கை தம் நாள் வரை நிலைத்திருந்தது என்கிறார் அந்தச் சீனர்.

கவனித்தீர்களா? கட்டளை அல்ல, உடன்படிக்கை! அடுத்தவன் சமையலறைக்குள் காவலரை அனுப்பும் வேலை அல்ல. தன் இலையில் ஒன்றை விலக்கிக்கொண்டு, அடுத்தவனையும் விலக்குமாறு வேண்டிய பண்பு. இன்று உணவின் பெயரால் வழிமறித்து மனிதனை அடித்துக் கொல்லும் வீரர்கள், இந்த ஒரு வரியைப் படித்தால் தலை நிமிர முடியுமா?

1442-இல் ஹீரத்திலிருந்து மன்னர் ஷாருக்கின் தூதராகப் புறப்பட்ட அப்துர் ரசாக்கும் கோழிக்கோடு வந்தார். அவருக்கு ஊரும் பிடிக்கவில்லை, மக்களும் பிடிக்கவில்லை. ஆயினும் உண்மையை மறைக்கவில்லை அவர். வணிகர் தம் சரக்குகளைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு அச்சமின்றிப் போகிறார்கள். சுங்க அலுவலர் அவற்றைக் காவல் காக்கிறார்கள். விற்றால் நாற்பதில் ஒரு பங்கு வரி. விற்காவிடில் வரியே இல்லை என்று வியந்து எழுதினார். புகழ வந்தவன் புகழ்ந்தால் அது பாட்டு. பிடிக்காதவன் புகழ்ந்தால் அது சாட்சி!

பள்ளிவாசல் எப்படி எழுந்தது என்பதற்கு இப்போது விடை கிடைத்ததா? நீதி இருந்த இடத்தில் வணிகம் வந்தது. வணிகம் வந்த இடத்தில் வணிகன் தங்கினான். தங்கியவன் மணந்தான், குடியானான், தொழுதான். மிளகும் இஞ்சியும் கொண்டுபோன கப்பல், பொன்னைக் கொண்டுவந்தது, நம்பிக்கையையும் கொண்டுவந்தது.

*

அந்த நீதி நகரத்திற்கு வந்தது கேடு. 1498 மே திங்களில் வாஸ்கோ ட காமா வந்தார். "இந்தியாவைக் கண்டுபிடித்தார்" என்று நம் பிள்ளைகளை உருப்போட வைத்தார்களே, அந்தக் காமா! கண்டுபிடிக்க நாம் என்ன தொலைந்தா போயிருந்தோம்? சீனரும் அரபியரும் பாரசீகரும் நூற்றாண்டுகளாக வந்துபோன துறைமுகத்தை, வழிகாட்டி ஒருவரின் துணையோடு வந்து சேர்ந்ததற்குப் பெயர் கண்டுபிடிப்பா? வந்தவர்கள் கோழிக்கோட்டுக் கோயில் ஒன்றை மாதா கோயில் என்று எண்ணி மண்டியிட்டு வணங்கினார்கள் என்பதும், அவர்கள் பயணக் குறிப்பிலேயே இருக்கிறது. கோயில் எது, கிறித்தவக் கோயில் எது என்று தெரியாதவர்கள், பள்ளிவாசலை மட்டும் தெரிந்துகொண்டார்கள், கொளுத்துவதற்கு!

1502-இல் காமா மறுபடி வந்தார். இம்முறை பீரங்கிகளோடு. வழியிலே, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பயணிகள் கப்பலை மறித்து, ஆடவர், பெண்டிர், குழந்தைகளோடு தீயிட்டார். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பிறகு கோழிக்கோட்டின் முன் நின்று சாமூதிரியிடம் ஒன்று கேட்டார்: நகரத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்று!

நாடகக்காரன் அல்லவா நான். அந்தக் காட்சியை மேடையேற்றிப் பார்க்க ஆசை எனக்கு. கடலில் பீரங்கிகள். கரையில் மன்னன். ஒரு சொல் "சரி" என்றால் போதும்; பீரங்கி அடங்கும், மிளகு விற்கும், பொன் குவியும். வெளியேறப் போகிறவர் தன் மதத்தாரும் அல்லர். என்ன செய்தான் சாமூதிரி? மறுத்தான்! தன் நகரில் வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்ற இயலாது என்று மறுத்தான். குண்டு மழை பொழிந்தது நகரத்தின் மீது. அந்த 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்கு விலையாக வீடுகள் இடிந்தன, உயிர்கள் மாய்ந்தன. ஆயினும் சொல் மாறவில்லை. இந்தக் காட்சிக்கு வசனம் எழுத எவனுக்கு வேண்டும் துணிவு? வரலாறே எழுதிவிட்டது!

பிறகு வந்தது 1510. ஜனவரி 3-ஆம் நாள். ஹிஜ்ரி 915, ரமலான் மாதம் 22-ஆம் நாள் என்று பொன்னானி அறிஞர் செய்னுத்தீன் மக்தூம் குறித்துவைத்திருக்கிறார். நோன்பு மாதம்! சாமூதிரி தலைநகரில் இல்லாத வேளை பார்த்து அல்புகர்க்கும், மார்ஷல் கூட்டின்யோவும் படையோடு இறங்கினார்கள். கொள்ளையிட்டது எதை? சாமூதிரியின் அரண்மனையை. கொளுத்தியது எதை? நாகுதா மிஸ்கால் கட்டிய பள்ளியை. ஒரே நாளில், ஒரே படை, ஒரே வெறி. இந்து மன்னனின் இல்லமும் முஸ்லிமின் தொழுகையிடமும்!

எழுந்தார்கள் நாயர் வீரர்கள். திருப்பித் தாக்கினார்கள். மார்ஷல் கூட்டின்யோ அங்கேயே மடிந்தார். அல்புகர்க் படுகாயத்தோடு கப்பலுக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். சாமூதிரியின் நாட்டுக்காக ஓடியது நாயர் குருதி; எரிந்தது முஸ்லிமின் பள்ளி. இரண்டையும் பிரித்து எழுத முடியுமா எந்த வரலாற்றாசிரியனாலும்?

இதோடு முடியவில்லை. 1531-இல் சாலியத்தில் போர்த்துக்கீசியர் கோட்டை கட்டினர். அங்கிருந்த பழம் பள்ளியை இடித்து, அதன் கல்லையும் கோட்டைக்கு எடுத்தனர். நாற்பது ஆண்டு நின்றது அந்தக் கோட்டை, கோழிக்கோட்டின் தொண்டையில் முள்ளைப் போல. 1571-இல் சாமூதிரியின் படையும், குஞ்ஞாலி மரக்காயரின் கடற்படையும் சேர்ந்து அதை வீழ்த்தின. கோட்டை இடிக்கப்பட்டது. கல்லும் மரமும் கோழிக்கோட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. எஞ்சியதை, சாலியத்தில் இடிபட்ட பள்ளியை மீண்டும் கட்டச் சாமூதிரி தந்தான் என்று எழுதியிருக்கிறார் மக்தூம். மிஷ்கால் பள்ளியைச் செப்பனிடவும் அந்தக் கோட்டை மரம் பயன்பட்டது என்று குட்டிச்சிறாவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

கோழிக்கோட்டுக் காஜி முகம்மது, சாலியம் வெற்றியை அரபு மொழியில் நெடும் பாட்டாக, 'ஃபத்ஹுல் முபீன்' என்று பாடிவைத்தார். பாட்டுடைத் தலைவன் யார்? சாமூதிரி! மக்தூம் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்ற நூலும் அப்படியே. அன்னியனை எதிர்த்துப் புனிதப் போருக்கு அழைக்கும் அந்த நூல், இந்து மன்னன் சாமூதிரியின் நற்பண்பைப் போற்றுகிறது. காஜி, அரபு மொழியில், இந்து அரசனைப் புகழ்ந்து காவியம் பாடுகிறார். எந்தக் கைப்பேசிச் செய்தியிலாவது வந்ததா இது?

*

எதிர்ப்பக்கத்து வக்கீல் எழுகிறார். எழட்டும், கேட்கட்டும்.

"எல்லாம் இனிப்பாகவே சொல்கிறாயே! 1600-இல் அதே சாமூதிரி போர்த்துக்கீசியரோடு கைகோத்து, நான்காம் குஞ்ஞாலியைப் பிடித்துக் கொடுக்கவில்லையா? கோவாவில் குஞ்ஞாலியின் தலை வெட்டப்படவில்லையா?" என்கிறார். ஆம், உண்மை. மறைக்கவில்லை நான். நாட்டுக்காகக் கடலில் குருதி சிந்திய குடும்பத்தின் தலைவன், அரசனை நம்பிச் சரணடைந்து, அன்னியன் கையில் மாண்டான். சாமூதிரிகளின் வரலாற்றில் அழியாத கறை அது. ஆனால் அது மதப் போரா? அதிகாரப் போர்! தன்னைவிடப் புகழ் ஓங்குகிறானே கடற்படைத் தலைவன் என்ற அரசனின் காய்ச்சல். அந்தக் காய்ச்சலுக்கு மதம் இல்லை. எல்லா அரண்மனைகளிலும் உண்டு.

"1766-இல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது, சாமூதிரி தன் அரண்மனைக்குத் தானே தீ வைத்துக்கொண்டு மாண்டானே, அதற்கு என்ன சொல்கிறாய்?" என்கிறார். கண்ணீரோடு சொல்கிறேன், அதுவும் உண்மை. அதன் பின் திப்புவின் படை மலபாரில் செய்த கொடுமையும் உண்மை. ஆனால் வக்கீலே, 1791-இல் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியது யார் படை? மராத்தியர் படை! சூறையாடப்பட்ட மடத்துக்குப் பொருள் அனுப்பியது யார்? அதே திப்பு! 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில், கோயில் சிலைகளைப் பெயர்த்துப் பொன்னைச் சுரண்டவே அதிகாரி வைத்திருந்தானே ஹர்ஷன், அவன் யார்? இந்து மன்னன், எழுதியவர் கல்ஹணர். அரசர்கள் கோயிலை இடித்தார்கள், பள்ளியை எரித்தார்கள், கொள்ளையடித்தார்கள். சுல்தான்களும் இடித்தார்கள்; இல்லையென்று நான் சாதிக்கவில்லை. நான் கேட்பது ஒன்றே. முடி தரித்தவன் செய்த குற்றத்துக்கு, குளக்கரையில் தொழுகிற குடிமகன் எதற்காகத் தண்டம் கட்ட வேண்டும்? ஆண்டவன் போய்விட்டான், அவன் வாரிசுகளும் போய்விட்டார்கள். கடனை மட்டும் தெருமுனைப் பள்ளிவாசலின் பெயரில் எழுதுகிறீர்களே, இது எந்த ஊர்க் கணக்கு?

*

இது பழங்கதை அல்ல, தோழர்களே! 1991-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. 1947 ஆகஸ்டு 15 அன்று எந்த வழிபாட்டிடம் எந்தத் தன்மையில் இருந்ததோ, அந்தத் தன்மையிலேயே இருக்க வேண்டும் என்பது அச்சட்டம். அயோத்திக்கு விலக்கு. அடுத்த ஆண்டே, 1992 டிசம்பர் 6, பாபர் மசூதி பட்டப்பகலில் இடிக்கப்பட்டது. 2019-இல் உச்ச நீதிமன்றம், அந்த இடிப்பு சட்டத்துக்கு மாறானது என்று சொல்லிக்கொண்டே, நிலத்தைக் கோயிலுக்குத் தந்தது. அதே தீர்ப்பில் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெருமையையும் பேசியது. அதோடு முடிந்தது என்றனர் நல்லவர்கள். முடிந்ததா? காசியில் வழக்கு, மதுராவில் வழக்கு. 2024 நவம்பரில் சம்பல் நகரப் பழம் பள்ளிவாசலில் ஆய்வு என்று போனார்கள். கலவரம், துப்பாக்கிச் சத்தம், பிணங்கள். டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இத்தகைய புது வழக்குகளையும் ஆய்வு உத்தரவுகளையும் இடைக்காலமாக நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

2025-இல் வக்ஃபு திருத்தச் சட்டம் வந்தது. காலங்காலமாகத் தொழுகைக்குப் பயன்பட்டு வந்ததாலேயே ஓரிடம் வக்ஃபு ஆகும் என்ற பழைய விதியை, இனி வரும் காலத்துக்கு அது நீக்கிவிட்டது. "பத்திரம் எங்கே?" என்பதே இனிக் கேள்வி!

பத்திரமா கேட்கிறீர்கள்? முச்சுந்திப் பள்ளிக்குக் கல்லிலேயே பத்திரம் இருக்கிறது. அரசன் பெயரோடு, நாழிக் கணக்கோடு! ஆனால் ஏழை எளிய மக்களின் பேட்டைப் பள்ளிகளுக்கு அரசன் கல் வெட்டினானா? நெசவாளித் தெருவில், மீனவர் குப்பத்தில், சந்தை மூலையில், நாலு பேர் சேர்ந்து கூரை போட்ட இடத்துக்கு எவன் பத்திரம் எழுதினான்? நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு தொழுதவர் பாதம் தேய்த்த படிக்கட்டுதான் அவர்களுடைய பத்திரம். நம் தெருமுனை மாரியம்மன் கோயிலுக்கு எந்தப் பதிவகத்தில் பத்திரம் இருக்கிறது? எல்லையில் நிற்கும் ஐயனார் எந்த அலுவலகத்தில் வரிசையில் நின்று பட்டா வாங்கினார்? இன்று பள்ளிவாசலிடம் கேட்கும் கேள்வியை, நாளை ஏழையின் கோயிலிடமும் கேட்பார்கள். ஆவணம் இல்லாதவனை அப்புறப்படுத்தும் கைக்கு, மதம் ஒரு சாக்கு; நிலமே நோக்கம்!

*

மறுபடியும் குட்டிச்சிறாவுக்கு வாருங்கள். மிஷ்கால் பள்ளியின் மேல் நிலையில், 1510-இல் போர்த்துக்கீசியர் வைத்த தீயின் வடு இன்னும் இருக்கிறது. கருகிய மரத்தை மாற்றவில்லை, அப்படியே வைத்திருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுக் கரி!

அந்தக் கரியைத் தொட்டுக்கொண்டு நண்பரிடம் கேட்டேன்: "இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" அவர் சொன்னார்: "மறக்கக் கூடாது என்பதற்காக." நான் விடவில்லை. "யாரைப் பழிவாங்க?" என்றேன். என்னை விந்தையாகப் பார்த்தார். "யாரையும் இல்லையே! எரித்தவர்கள் இருந்தார்கள், காப்பாற்ற வந்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?" என்றார்.

அதே கோழிக்கோட்டில், போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றிய தேவமாதா பேராலயம் இன்றும் நிற்கிறது, மணி ஒலிக்கிறது. குட்டிச்சிறாவிலிருந்து எவரும் கடப்பாரையோடு அங்கே போகவில்லை. 1510-க்குக் கணக்குத் தீர்க்க 2010-இல் எவரும் புறப்படவில்லை. வடுவை வைத்திருக்கிறார்கள், வன்மத்தை வைத்திருக்கவில்லை. வரலாற்றை நினைவில் வைப்பதற்கும், வரலாற்றைக் கடப்பாரையாக ஆக்குவதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்!

அன்று தேநீர்க் கடையில் என்னிடம் கேட்ட அந்த இளைஞன், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் எப்போது கட்டியது, யார் கட்டியது என்று எனக்குத் தெரியாதே!" என்றான். அதைத்தான் எதிர்பார்த்தேன் நான்.

தெரிந்துகொள்! நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், தோழர்களே! வரும் ஞாயிறு, கொடிக் கம்பத்தடியில் கூடிக் கலைவதற்கு முன், ஊர்ப் பெரியவர் ஒருவரை அழையுங்கள். உங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு நிலம் கொடுத்தவர் யார், கோயில் தேர் செய்யக் கை கொடுத்தவர் யார், வெள்ளம் வந்த அன்று எந்தக் கதவு யாருக்காகத் திறந்தது என்று கேளுங்கள். எழுதி வையுங்கள். கதைகளில் கசப்பானதும் இருக்கும், அதையும் எழுதுங்கள். நம் பக்கத்துப் பொய்யும் பொய்தான். அதைக் கொண்டு மெய்யைக் காக்க முடியாது.

பிறகு பொய் வந்து கதவைத் தட்டும்போது, கூச்சல் போட வேண்டா. கை ஓங்க வேண்டா. அடிமை கொடுத்த காசையும், அரசன் அளந்த நாழியையும், 1502-இல் மன்னன் சொன்ன "இல்லை"யையும், ஐந்நூறு ஆண்டுக் கரியையும் எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பீரங்கியின் முன் நின்று, தன் மதம் அல்லாத குடிமக்களை வெளியேற்ற மறுத்தான் ஒரு மன்னன். முடியாட்சியில் அவனுக்கு இருந்த நெஞ்சுரம், குடியாட்சியில் நமக்கு இல்லையென்றால், நாம் எதற்குக் கொடி பிடிப்பது?